விடுதலை வேறு, மன்னிப்பு வேறு



ஒருவர் மீதுள்ள பழியை நீக்குவதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. குற்றம் நிரூபணமாகவில்லை என்று கோர்ட்டு விடுவித்தால் 'அக்விட்'. குற்றம் உறுதியான பின் தண்டனையை மன்னித்தால் 'பார்டன்'. 'எக்ஸானரேட்' என்பதோ, லத்தீனில் சுமையை இறக்குதல் என்ற பொருளில் பிறந்த சொல். பழிச்சுமையை முழுவதும் இறக்கி வைப்பது. நாமோ சிறைக்கதவு திறந்தாலே, எல்லாவற்றையும் 'விடுதலை' என்ற ஒரே சொல்லில் அடக்கி விடுகிறோம்.

யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அவர்களைச் சிறையிலிருந்து அழைத்துவர மன்னர் ஆளனுப்பினார். நபியவர்கள் உடனே புறப்படவில்லை. கைகளை வெட்டிக் கொண்ட பெண்களின் விஷயத்தை முதலில் விசாரிக்கும்படி தூதரைத் திருப்பியனுப்பினார்கள். அப்பெண்களும் அஜீஸின் மனைவியும் உண்மையை ஒப்புக்கொண்டு, பழி நீங்கிய பிறகே வெளியே வந்தார்கள். பின்னாளில், தம்மைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்களை அவர்கள் மன்னித்தார்கள். அங்கே குற்றம் உண்மை. ஆகவே அது மன்னிப்பு. ஒரே சூராவில் இரண்டையும் இறைவன் தனித்தனியே காட்டுகிறான்.

நம் கோவைக்கு வருவோம். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் பலியாயின. அந்தப் பாதகத்தை எந்த முஸ்லிமும் நியாயப்படுத்த முடியாது. அவ்வழக்கில் பலர் மீது குற்றம் உறுதியாயிற்று. ஆனால் 1998 மார்ச்சில் கைதான கேரளத்து அப்துல் நாசர் மதானி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த பின், 2007 ஆகஸ்ட் 1 அன்று அவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். பின்னர் 2010இல் பெங்களூரு வழக்கில் கைதானது தனி விஷயம். அது கோவைத் தீர்ப்பை மாற்றாது.

கோர்ட்டு கதவைத்தான் திறக்கும். பெயர் மீதுள்ள சுமையை இறக்க வேண்டியவர்கள் நாம். விடுவிக்கப்பட்டவருக்கு வாடகைக்கு வீடு கொடுக்கவும், வேலை கொடுக்கவும், சம்பந்தம் பேசவும் தயங்கி, "கேஸ் முடிந்துவிட்டது, ஆனாலும்..." என்று இழுக்கிறோமே, அந்த 'ஆனாலும்' தான் இறக்கப்படாத சுமை. "போகட்டும், மன்னித்து விட்டோம்" என்று அவரிடம் சொல்வதும் அநீதியே. குற்றம் நிரூபிக்கப்படாதவரை மன்னிக்க நாம் யார்? அவரைப் பற்றி அவதூறு பேசியிருந்தால், மன்னிக்க வேண்டியவர் அவர்தான்.

பிறருக்கு அநீதி செய்தவர், தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருமுன் அதைத் தீர்த்துக் கொள்ள வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆகவே தவ்பாவோடு நின்றுவிடாமல், அவரிடமே சென்று பொறுத்துக் கொள்ளக் கேட்போம். எந்தச் சபையில் பழி பேசினோமோ, அதே சபையில் அதைத் திருத்திச் சொல்வோம். வல்ல அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக, ஆமீன்.