ஒதுங்கி நிற்கும் புள்ளிகள்

ஒரு மலைச்சரிவின் மேல் கணினியில் ஆயிரம் முறை பாவனையாக மழை பெய்வித்து, ஒவ்வொரு முறையும் மண் எவ்வளவு நகரும் என்று கணித்து, விடைகளை வரைபில் குறிப்பதாகக் கொள்வோம். 980 புள்ளிகள் கீழே நெருங்கிக் கிடக்கின்றன. 20 புள்ளிகள் எட்டாத உயரத்தில் நிற்கின்றன. அவற்றுக்காக அச்சை நீட்டினால் ஏனையவை ஒரே கோடாய் ஒட்டிப்போகின்றன. நீக்கினாலோ படம் அழகாகிறது. நீக்கலாமா? இது கணிதத்தின் கேள்வி மட்டுந்தானா?

நீக்கத்தக்கவையும் உண்டு. தசமப்புள்ளி இடம் மாறியிருக்கலாம். மண் மேல்நோக்கி ஏறுவதாகச் சொல்லும் விடையை எவரும் பேணிக் காக்க வேண்டியதில்லை. ஆனால் பிழையைக் கண்டறிந்து நீக்குவது வேறு, கண்ணுக்கு இடையூறென்று நீக்குவது வேறு. 1977இல் வெளிவந்த தம் நூலில் பெட்டி வரைபை விளக்கிய ஜோன் டூக்கி, பெட்டியின் நீளத்தைப் போல் 1.5 மடங்குக்கு அப்பால் விலகியவற்றைத் தனிப் புள்ளிகளாய்க் காட்டச் சொன்னாரேயன்றி அழிக்கச் சொன்னாரில்லை. அவர் வகுத்த எல்லைக்கோடு பின்னர் பலர் கையில் கத்தரிக்கோலாயிற்று!

அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் குன்றியதைச் செய்மதியும் அளந்தே இருந்தது. 180 டொப்சன் அலகுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளை ஐயத்துக்குரியவை என்று கணினி நிரல் குறித்து வைத்தது. 1985இல் அச்செய்தியை முதலில் உலகறியச் செய்தவர்கள், தரையிலிருந்து அளந்த பிரித்தானிய ஆய்வாளர் மூவரே.

நமது மலையகத்தில் இத்தகைய புள்ளிகளுக்கு முகவரியே உண்டு. சராசரி மழை எந்த லயத்தையும் புதைப்பதில்லை. ஆகவேதான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழை 75, 100, 150 மில்லிமீற்றரைத் தாண்டுந்தோறும் படிப்படியாக எச்சரிக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் போயின. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் சரிவுகளைப் பெயர்த்தது.

ஐம்பதில் ஒன்று என்பது யாருக்குச் சிறிது? வரைபை வரைபவர் சமதரையில் உறங்குகிறார். சரிவின் கீழே உறங்குபவரோ அவ்விடத்தைத் தாமே தேர்ந்தவரல்லர். தோட்டம் கட்டிய வரிசை வீட்டில் பிறந்தவர். நீக்கும் உரிமை ஒருவரிடமும் நீக்கத்தின் விலை மற்றொருவரிடமும் இருப்பதை அறிவியல் நடுநிலை என்று நாம் அழைக்க இயலாது.

படம் தெளிவாயிருக்க வேண்டுமென்பதும் நியாயமே. அதற்கு மடக்கை அச்சு இருக்கிறது. இரு படங்களாய் வரையலாம். அச்சைக் குறுக்கியே ஆகவேண்டுமெனில், 1000 ஓட்டங்களில் 20 இப்படத்துக்கு மேலே உள்ளன என்றும், அவற்றுள் மிக உயர்ந்தது எவ்வளவு என்றும் படத்தின் அடியிலேயே எழுதலாம். அதற்கு வேண்டுவது ஒரு வரி இடம்.