ஆதம் நபியின் வாக்குமூலமும் இப்லீஸின் வாதமும்

மனிதனிடம் ஒரு குறை இருக்கிறது என்பதைச் சமயங்கள் பலவும் ஒப்புக்கொள்கின்றன. ஆதி மனிதரின் பாவம் வழிவழியாகத் தொடர்கிறது என்று கிறிஸ்தவர்கள் நம்புகின்றனர்; அதனை ஜென்மப் பாவம் என்பர். ஆணவ மலம் உயிரை அநாதியாகவே மறைத்து நிற்கிறது என்பது சைவ சித்தாந்தம். அறியாமை நீங்குவதே ஞானம் என்பர் பௌத்தர். உத்தமபாளையத்துப் பாறையில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்த சமணர்கள், வினையை நோன்பினால் களைய வேண்டும் என்றார்கள். இவ்விஷயத்தில் இஸ்லாம் கூறுவது என்ன?

இலங்கையில் 2,243 மீட்டர் உயரமுள்ள ஒரு மலை உண்டு. அதன் உச்சியில் காலடி போன்ற ஒரு சுவடு இருக்கிறது. பௌத்தர் அதனைப் புத்தரின் பாதம் என்கின்றனர். சைவர் சிவபெருமானின் பாதம் என்கின்றனர். முஸ்லிம்களோ அதனைப் பாவா ஆதம் மலை என்று அழைத்து வந்துள்ளனர். பின்னர் மதுரைக்கும் வந்த யாத்ரீகர் இப்னு பதூதா, 1344-ஆம் ஆண்டில் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு அம்மலையில் ஏறினார். ஹஜ்ரத் ஆதம் (அலை) அவர்கள் அங்கே இறங்கினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. திருக்குர்ஆன் அவ்விடத்தின் பெயரைக் கூறவில்லை. ஆனால், தவறிய பின் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத் தெளிவாகக் கூறுகிறது. நமக்குப் படிப்பினை அதில்தான் இருக்கிறது.

சற்றே சிந்தித்துப் பாருங்கள்! இறைக் கட்டளைக்கு இப்லீஸும் மாறு செய்தான். காரணம் கேட்கப்பட்டபோது, தான் நெருப்பினால் ஆனவன், ஆதலால் மேலானவன் என்று வாதாடினான். அத்துடன் நில்லாமல், தன்னை வழிகெடுத்தவன் அல்லாஹ்வே என்று பழியையும் அவன் மீதே போட்டான்.

ஆதம் (அலை) அவர்களோ மறதியினால் தவறினார்கள் என்று தாஹா அத்தியாயம் கூறுகிறது. நபிமார்கள் பாவங்களை விட்டும் பாதுகாக்கப்பட்டவர்கள் என்பது நமது அகீதா. ஷைத்தான் பொய்ச் சத்தியம் செய்து ஏமாற்றியது உண்மை. அதனைச் சாக்காகச் சொல்லியிருக்கலாம். கணவர் மனைவியையும், மனைவி கணவரையும் குற்றம் சாட்டியிருக்கலாம். இருவரும் அவ்வாறு செய்யவில்லை. தங்களுக்குத் தாங்களே அநீதி இழைத்துக்கொண்டதாகச் சொல்லி மன்னிப்பை வேண்டினார்கள். அல்லாஹுத் தஆலா மன்னித்து, அவர்களைத் தேர்ந்தெடுத்து, நேர்வழியும் காட்டினான். மன்னிக்கப்பட்ட பின் பிள்ளைகள் சுமக்க மீதி ஏது? ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பதும் திருமறையின் தீர்ப்பே. ஹவ்வா (அலை) அவர்கள் மீது மட்டும் பழி சுமத்திப் பேசுவதற்கும் திருக்குர்ஆனில் இடமில்லை.

நன்மை, தீமையின் உணர்வை ஒவ்வோர் ஆத்மாவுக்கும் அறிவித்ததாக அல்லாஹ் 'அஷ்ஷம்ஸ்' அத்தியாயத்தில் கூறுகிறான். முஸ்லிமான ஆத்மாவுக்கு மட்டும் என்று கூறவில்லை. அனுமந்தன்பட்டியில் பன்னீர் திராட்சையைப் பெட்டியில் அடுக்குபவர், அழுகலை அடியில் வைத்து நல்ல குலையை மேலே வைக்கும்போது, அவர் எச்சமயத்தவராயினும் கை ஒரு கணம் தயங்கும். உள்ளத்தை உறுத்துவதும், பிறர் அறிவதை நாம் வெறுப்பதுமே பாவம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடையாளம் காட்டியது இந்தத் தயக்கத்தையே. உறுத்தல் தவறைக் காட்டும். செல்ல வேண்டிய வழியை வஹீயே காட்டும்.

ஆனால் மறுகணமே, "எல்லோரும் இப்படித்தானே அடுக்குகிறார்கள்? வியாபாரி எடையில் நம்மை ஏமாற்றவில்லையா?" என்று மனம் வாதாடத் தொடங்குகிறது. இது இப்லீஸின் வாதம். தவறியது சறுக்கல், அதற்கு நியாயம் கற்பிப்பதே வீழ்ச்சி. "தவறு என்னுடையது" என்று ஒப்புக்கொள்வதே ஞானத்தின் முதற்படி. அத்துடன் தவ்பா நிறைவேறிவிடாது. பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும், அடியானின் உரிமையாயின், அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். அழுகலுக்கு வாங்கிய காசு நம் பையில் இருக்கும்வரை தஸ்பீஹ் மணி உருட்டி என்ன பயன்?

பெற்றோர்களே! பாத்திரத்தை உடைத்த பிள்ளை, "நான்தான் உடைத்தேன்" என்று வந்து நின்றால், ஓங்கிய கையை இறக்கிவிடுங்கள். உண்மை சொன்னதற்கு அடி வாங்கும் பிள்ளை, அடுத்த முறை தம்பியின் மீது பழி போடக் கற்றுக்கொள்ளும். தவறை ஒப்புக்கொண்டு வந்த நம் தந்தை ஆதம் (அலை) அவர்களை அல்லாஹ் விரட்டிவிடவில்லையே!

ஆதமின் மக்களாகிய நம் அனைவருக்கும் அவர்களுடைய அந்தப் பணிவை அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.