மயக்க மருந்தும் மூவகைப் பொறுப்பும்

சில ஆண்டுகளுக்கு முன், பாம்பனைச் சேர்ந்த, நமக்கு நெடுநாள் பழக்கமான மீனவர் ஒருவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தபோது உடனிருந்தோம். கத்தியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. "மயக்க ஊசி போட்டா திரும்ப முழிச்சிருவேனாய்யா?" என்பதொன்றே அவர் வினா. விடை வருமுன் தாள்கள் வந்தன. பெருவிரல் ரேகை இடப்பெற்றது. அவற்றுள் ஒன்று சிகிச்சைக்கன்று, வலி நீக்கும் மருந்துகள் இரண்டை ஒப்பிடும் ஆய்வுக்கு இசைவளிக்கும் தாள் என்பதை அவர் வீடு திரும்பிய பின்னரே அறிந்தோம். தீங்கொன்றும் நேரவில்லை. ஆயினும் நம் நெஞ்சம் அமைதியுறவில்லை.

அவர் கேட்ட வினா பழமையானது. 1847இல் எடின்பரோ நகரில் சிம்ப்சன் என்னும் மருத்துவர் குளோரோபாரத்தைப் புழக்கத்திற்குக் கொணர்ந்தார். மறு ஆண்டே, கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காக அம்மருந்து கொடுக்கப்பெற்ற ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி விழிக்கவேயில்லை. மருந்து நிறுத்துவது மூச்சையா, இதயத்தையா என்ற வழக்கு அன்று எழுந்தது. அதைத் தீர்த்துவைக்க முற்பட்டது, வியப்புக்குரியதாக, நம் நாட்டின் ஐதராபாத். நிஜாமின் பொருளுதவியுடன் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் எட்வர்டு லாரி என்பார் இரு ஆய்வுக் குழுக்களை நடத்தினார். இரண்டாவதற்கு இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்தார். நாய்கள், குரங்குகள் முதலிய ஐயறிவுயிர்கள் நூற்றுக்கணக்கில் மாய்ந்தன. மூச்சே முதலில் நிற்கிறது; எனவே மூச்சை மட்டும் கவனித்தால் போதும், இதயத்தைப் பற்றிய அச்சம் வேண்டா என முடிவுரைத்தனர்.

அம்முடிவு முழுமையானதன்று. 1911இல் குட்மன் லெவி, மயக்கம் ஆழ்ந்திராமல் அரைகுறையாக இருக்கும் நிலையிலேயே இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடித்துத் திடீரென நின்றுவிடக்கூடும் என்று காட்டினார். அதையும் அவர் பூனைகளைக் கொண்டே காட்டினார் என்பதை மறைப்பதற்கில்லை. மூச்சு நிற்கும்வரை மருந்தைச் செலுத்திப் பார்த்தவர்களுக்கு மூச்சே முதலில் நின்றது. அவர்கள் கண்டது பொய்யன்று, ஒரு பக்கம். ஒரு பக்கத்தை முழுப்பொருளாகக் கொள்ளுதலை ஏகாந்தம் என நம் முன்னோர் கடிந்தனர். தத்துவ வாதத்தில் அப்பிழையால் வாதந்தான் தோற்கும். இங்கோ, இதயத்தைக் கவனிக்க வேண்டுவதில்லை என நம்பிய மருத்துவர் முன் மனிதர் படுத்திருந்தனர்.

இனி நம்மிடம் வருவோம். வினையைச் செய்தல், செய்வித்தல், செய்தார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றுக்கும் பொறுப்புண்டு என்பது சமணம். அங்ஙனமாயின், இன்று மயக்க மருந்தின் கீழ்ப் படுக்கும் சாவகர் அந்நாய்களின் கொலைக்கு உடன்பட்டவராவரோ? அன்பர் சிலர் ஆம் என்று வாதிடுகின்றனர். அறுவைச் சிகிச்சையையே மறுத்தவரும் உளர். நாம் இதை ஏற்கவில்லை. நடந்து முடிந்ததன் பயனைப் பெறுதல் வேறு, அது நடக்க வேண்டும் என விழைதல் வேறு. உடன்பாடு என்பது விழைவு. ஆனால், விடை தெரிந்த வினாவுக்கே மீண்டும் உயிர்களைப் பலியிடும் ஆய்வைக் கண்டு வாளாவிருப்போமானால், அப்பொறுப்பு நம்மைச் சாரும். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம், விலங்குகளை அறுத்துச் செய்யும் ஆய்வுகள் இயன்றவரை போதிய மயக்க மருந்தின் கீழேயே நடைபெற வேண்டும் என்கிறது. ஐதராபாத்து நாய்கள் எதற்காக மாய்ந்தனவோ, அதன் நிழல் பிற்காலத்தில் அவற்றின் இனத்திற்கும் எட்டியது.

மனிதரின் நிலை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், எழுதப் படிக்க இயலாதவரிடம் இசைவு பெறுங்கால் சார்பற்ற, எழுத்தறிந்த சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்கின்றன. நம் மீனவருக்குச் சாட்சியாக ஒப்பமிட்டவர் தாளை நீட்டிய ஊழியரே. கொல்லும் எண்ணம் எவர்க்குமில்லை, இருந்தது அயர்ச்சி. இம்சைக்கு வேர் கூறுமிடத்து நம் ஆசாரியர்கள் பகையை மட்டுமன்றிப் பிரமாதம் என்னும் அயர்ச்சியையும் கூறினர். மருந்துகளை ஒப்பிடும் ஆய்வு வேண்டாததன்று. அஃதின்றேல், எம்மருந்து முதியவருக்கு நல்லது, எது பிள்ளை பெறும் தாய்க்கு ஊறு செய்யும் என்பது எங்ஙனம் விளங்கும்? 2022 ஜனவரியில் இராமநாதபுரத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றுள்ளது. கல்லூரி உள்ளவிடத்து ஆய்வும் வரும், வரவேண்டும். ஆய்வுக்குப் படுப்பவர்களோ தங்கச்சிமடத்து வலைஞரும், வாலிநோக்கத்து உப்பளத் தொழிலாளரும், பனையேறிகளும். வெள்ளைச் சட்டை அணிந்தவர் தாளை நீட்டினால் ஏன் என்று கேட்கும் வழக்கம் அவர்களுக்கில்லை.

செய்தி அறிந்த பின் பாம்பன் சென்று அவரிடம் கூறினோம். வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், "நாலு பேருக்கு வலி குறையும்னா வேணாம்னா சொல்லப்போறேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார்.