ஆசிரியர்க்கு நன்றி கூறுமாறு

குத்தாலம் என இக்காலத்து வழங்கும் திருத்துருத்தி, மாயூரத்திற்கும் கும்பகோணத்திற்கும் இடையே காவிரியின் தென்கரைக்கண் அமைந்த பாடல்பெற்ற தலமாம். ஆண்டு எழுந்தருளியுள்ள பெருமானுக்குச் சொன்னவாறறிவார் என்பது ஒரு திருநாமம். நம்பியாரூரர் உடற்பிணியால் வருந்தி இத்தலத்தை அடைந்து, திருக்குளத்தில் மூழ்கி அப்பிணி நீங்கப்பெற்றார் என்பது பெரியபுராணத்துட் கண்டது. அவர் அங்கே அருளிய திருப்பதிகத்தில் ஒன்று கருதத்தக்கது. காவிரியின் பெருக்கையும் இறைவன் சீரையும் கூறிவருபவர், பாட்டின் இறுதிதோறும் தம் உடம்பிற் கிடந்த பிணியையும் அது கெடுக்கப்பட்டமையையும் தவறாது எடுத்தோதுகின்றார். நோய் தீர்ந்தவர் தமக்கு நோய் இருந்ததென்பதை மறைத்திலர். மறைத்திருப்பின் அப்பதிகம் புகழ்ச்சியாக நிற்குமேயன்றி நன்றியாக நில்லாது.

இவ்வேறுபாடு கல்வி பயின்றார்க்கு மிகவும் வேண்டுவது. கல்லூரிப் படிப்பு முடிந்து வெளியேறும் மாணாக்கர் பிரிவுபசாரக் கூட்டங்களிற் பேசும் உரைகளைக் கேட்டார் யாவரும் இதனை உணர்வர். அங்கே ஆசிரியர் ஒவ்வொருவரும் கல்விக்கடல் ஆகின்றார். கடல் எனப்படாத ஆசிரியர் ஒருவரேனும் எஞ்சுவதில்லை. எல்லாரும் கடலாயின், எவரிடத்து எது பெற்றோம் என்பது கேட்போர்க்கு விளங்குமாறு யாங்ஙனம்? அன்றியும், சிறிது சிந்திக்கும் மாணாக்கன் ஒருவன் உள்ளத்தே வேறொரு கலக்கமும் எழும். தன் ஆசிரியர் சில நூல்களை அறியார் என்பதும், சிலவிடத்துத் தம் விருப்பத்தை மாணாக்கன்மேற் சுமத்தினார் என்பதும் அவனுக்குத் தெரியும். அவற்றைச் சொன்னால் நன்றிகொன்றவன் ஆவான். சொல்லாதொழிந்தால் பொய்யன் ஆவான். இவ்விரண்டிற்கும் இடையே வழி உண்டோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சித்தாந்த நூல்கள் வழி உண்டென்றே காட்டும். உயிர் தானே அறியவல்லதன்று. அறிவிக்க அறியும் இயல்பினது. கண்ணிற்குக் காணும் ஆற்றல் உளதேனும் இருளிடத்து அது காணாது. ஒளி வந்து உதவியவழியே காணும். இதனைக் காட்டும் உபகாரம் என்ப. அவ்வொளியும் உயிரினின்று வேறாய் நின்று காட்டி ஒழிவதன்று. உடன் நின்று காண்டலையும் செய்வது. இது காணும் உபகாரம். இவ்விரண்டும் ஒருங்கே உடையான் முதல்வன் ஒருவனே. அவனே குருவடிவாய் வந்து உணர்த்துவன் என்பது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தின் கருத்து. ஆதலின் ஞானகுருவினிடத்துக் குறை காண்டல் சிவாபராதமாம்; அங்கே ஆராய்ச்சிக்கு இடமே இல்லை. வித்தியாகுருவோ அத்தகையரல்லர். அவரும் பாசத்துட்பட்ட உயிரே. தாமும் ஒருவர் காட்டக் கண்டவரே. காட்டும் உபகாரத்தில் ஒரு கூற்றினை முதல்வன் அவர்வழி நடத்துகின்றான், அவ்வளவே. விளக்கேந்தியவனை விளக்கென்று மயங்கிப் போற்றுதலாலேயே கூட்டங்களில் கடல்கள் பெருகுகின்றன.

இனி, இதனை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் வரலாறு குத்தாலத்தின் அயலிலேயே உள்ளது. திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவானாய் விளங்கிய திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் பாடிய தலபுராணங்களுள் திருத்துருத்திப் புராணமும் ஒன்று. 1871 ஆம் ஆண்டில் மாயூரத்தில் அவர்களை அடைந்து பாடங்கேட்கத் தொடங்கியவர், அப்போது பதினாறு பிராயத்தினரான உ. வே. சாமிநாதையர். பிள்ளையவர்கள் பொருள் கருதாது பாடஞ் சொன்னவர்கள். கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையும், இஸ்லாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவர்கள் மாணாக்கரே. 1876 ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் நாள், திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஐயரவர்கள் படிக்கக் கேட்டவாறே பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தார்கள். அத்தகைய மாணாக்கர், அத்தகைய ஆசிரியரைப் பற்றி எழுதப் புகுந்தால் எவ்வாறு எழுதுவார்?

பிள்ளையவர்கள் சரித்திரத்தின் முதற்பாகம் 1933 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. எழுதியவர் எழுபத்தெட்டுப் பிராயத்தினர். அத்துணைக் காலம் கழிந்தபின் ஒருவரைக் குற்றமில்லாப் பொற்பாவையாக வடித்துவிடுதல் எளிது; மறுத்துரைப்பார் எவரும் இரார். ஐயரவர்கள் அது செய்திலர். ஆசிரியரின் வறுமையையும் கடனையும் மறையாது எழுதினார்கள். அதனினும் நுண்ணியது ஒன்று உண்டு. ஐயரவர்கள் சங்கீதக் குடும்பத்திற் பிறந்தவர்கள். மாயூரத்தில் இருந்தபோது, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடத்து இசை பயிலத் தொடங்கினார்கள். இசையிற் சென்ற மனம் இலக்கியத்தில் நில்லாது என்று பிள்ளையவர்கள் கருதினமையால் அப்பயிற்சி நின்றது. இதனையும் ஐயரவர்கள் எழுதியுள்ளார்கள். ஆசிரியரைக் குறைகூறும் குரலும் இல்லை, அவர் செய்ததே சரியென்று நாட்டும் முயற்சியும் இல்லை. இழந்ததும் பெற்றதும் ஒருங்கே எழுதப்பட்டிருத்தலின், பெற்றது எத்துணைப் பெரிதென்பது படிப்பார்க்குத் தானே விளங்குகின்றது.

இதனினும் கடிய சோதனை அவர்களுக்கு வந்தது. பிள்ளையவர்களிடத்துப் பயின்ற மாணாக்கருள் மூத்தவரான தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்து வந்தவர். 1880 ஆம் ஆண்டில் அவர் ஓய்வுபெறுங்கால், தம் பதவிக்கு உரியவர் ஐயரவர்களே என்று கல்லூரித் தலைவரிடத்தும் திருவாவடுதுறையிலும் வற்புறுத்தினார். ஆதீனகர்த்தராகிய சுப்பிரமணிய தேசிகர் பிரிய மனமின்றியும் விடையளித்தார்கள். அவ்வாண்டிலேயே கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயரவர்கள் கண்டார்கள். கற்ற நூல்கள் யாவை என்று அவர் வினாவ, அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் எனப் பெருமிதத்துடன் ஐயரவர்கள் அடுக்கினார்கள். அவற்றால் என்ன பயன் என்று கேட்ட முதலியார், சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்றார். படித்ததில்லை.

ஓர் ஆசிரியரிடத்து ஐந்தாண்டு கிடந்து கற்றதெல்லாம் ஒரு வினாவில் சிறுத்துத் தோன்றிய அந்நிலையில், மாணாக்கன் செல்லக்கூடிய தவறான வழி இரண்டு. ஆசிரியர் சொல்லாத நூல் கற்கத்தக்கதன்று என்று செருக்குதல் ஒன்று. மடத்துக் கல்வியர்க்கு அஃது எளிய வழி. சிந்தாமணியோ சமண நூல். அதனிற் சென்ற சோழன் மனத்தைத் திருப்பவே சேக்கிழார் திருத்தொண்டர் புராணம் செய்தருளினார் என்று வழங்கும் சைவ உலகில், அவ்வாறு சொல்வார்க்குத் துணையும் மிகுதி. மற்றொன்று, என் ஆசிரியர் எனக்குப் பயனற்றதைக் கற்பித்துவிட்டார் என்று வெறுத்தல். ஐயரவர்கள் இரண்டும் செய்யாது, ஏட்டைப் பிரித்து அமர்ந்தார்கள். விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணரிடத்துக் கேட்டறிந்தார்கள். 1887 ஆம் ஆண்டில் நூலை வெளியிட்டார்கள். சொல்லை முறித்துப் பொருள் காணவும், யாப்பின் ஓசையால் பாடத்தைத் துணியவும், ஏட்டின் எழுத்தை ஐயமறப் படிக்கவும் பழகிய பழக்கம் எங்கிருந்து வந்தது? அந்த அந்தாதிகளிலும் கலம்பகங்களிலும் இருந்தன்றோ? பிள்ளையவர்கள் சிந்தாமணியைக் கற்பித்திலர். அதனைக் காணும் கண்ணிற்கு ஒளி தந்தவர் அவர்களே.

ஆசிரியர் குறைகளை எண்ணிக் கணக்கெழுதுவதும் இதன் பெயரால் நுழையக்கூடும் எனின், நுழையாது என்க. அங்ஙனம் எழுதுவோன் ஆசிரியரின் குறையைச் சொல்லித் தன் நிறைவைக் காட்டுகின்றான். நன்றியுடையோன், தான் யாதும் இல்லாது வந்து நின்ற நாளை முதலிற் சொல்லுவன். நன்னூலார் மாணாக்கனுக்கு வகுத்த வழிபாட்டு முறைகள் பலவற்றுள் ஆசிரியரை மிகைபடப் புகழ்க என்ற விதி இல்லாமையும் நோக்கத்தக்கது.

தியாகராச செட்டியார்க்கு ஐயரவர்கள் செய்த நன்றியும் இவ்வாறே ஆரவாரமற்றது. செட்டியார் அமர்ந்த இடத்தில் இருபத்துமூன்றாண்டு இருந்து, 1903 ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்ற ஐயரவர்கள், திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராஜ விலாசம் என்று பெயரிட்டார்கள். சிந்தாமணிக்குப் பின்னர் எத்தனையோ சங்கநூல்களைக் கொணர்ந்து பெரும்புகழ் எய்தியவர், வேலை வாங்கித் தந்தவர் பெயரைத் தம் வாயிலில் எழுதிவைத்தனர். செட்டியார் வரலாற்றைத் தனி நூலாகவும் எழுதினார்கள். அது வெளிவந்த 1942 ஆம் ஆண்டிலேயே ஐயரவர்களும் மறைந்தார்கள். அவ்வில்லம் 2012 ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது.