மினுக்கமும் சொல்லும்

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், கார்களைக் கழுவித் துடைத்து மெழுகிட்டுத் தரும் கடையொன்று உண்டு. ஊரார் வழக்கில் அதற்கு ‘வாட்டர் சர்வீஸ்’ என்று பெயர். நம்மிடம் மூன்றாண்டுகள் கிதாபு ஓதி, குடும்ப நெருக்கடியால் ஓதலை நடுவில் நிறுத்திவிட்ட பிள்ளையொருவன் அங்கே வேலை பார்க்கிறான். சில திங்களுக்கு முன்னர், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் நாம் அமர்ந்திருந்த வேளையில், அவன் வந்து ஸலாம் உரைத்து, “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்” என்றான்.

கடையின் முகப்பில் விலைப்பலகை தொங்குகிறதாம். மிஷினால் மெழுகிட ஒரு விலை. கையால் மெழுகிட அதனினும் கூடுதலாக ஒரு விலை. கூடுதல் விலை கொடுத்தவர் எதிரேயுள்ள தேநீர்க் கடைக்குச் சென்றதும், முதலாளி கண் காட்டுவார். பானெட், கூரை, கதவுகள் போன்ற அகன்ற பரப்புகள் எல்லாம் மிஷினால் முடிந்துவிடும். மூலை முடுக்குகள் மட்டுமே கையால். திரும்பி வந்தவர் காரைச் சுற்றிப் பார்த்து, “கையாலதானே தம்பி போட்டே?” என்று கேட்பார். இவன் தலையசைப்பான். “மினுக்கத்தில் ஒரு குறையும் இல்லை ஹஜ்ரத். உள்ளதைச் சொன்னால் மிஷின் போட்டதுதான் இன்னும் நேர்த்தி. என் கூலி ஹலால்தானே?” என்றான்.

நாம் உடனே விடை பகர்ந்தோம். காருக்குத் தீங்கில்லை, பணம் கொடுத்தவர் மனநிறைவோடு செல்கிறார், நீ உழைத்த கூலி உனக்கு ஆகும், வீணாக மனத்தைக் குழப்பிக்கொள்ளாதே என்றோம். அவன் முகம் தெளிந்தது. நம் மனமோ இஷாவுக்குப் பின்னர் கலங்கத் தொடங்கிற்று. எளியது என்று எண்ணி அவசரத்தில் சொல்லும் விடைகளிலேயே நம் போன்றோர் பெரிதும் இடறுகின்றனர். ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு, அப்பொருளை அறிந்த அறிவிலிருந்து கிளைப்பது என்பது மதரஸாக்களில் நாள்தோறும் ஓதப்படும் விதி. மெழுகிடும் தொழிலை ஒரு நாளேனும் நின்று பார்த்தறியாமல் நாம் தீர்ப்பு வழங்கியிருந்தோம்.

மறுநாள் அங்கே சென்றோம். உப்பளத்துப் பக்கமிருந்து வந்த காரொன்று நின்றது. உப்புத் தூசியும், துறைமுகத்து நிலக்கரித் துகளும் அதன்மேல் படிந்திருந்தன. முதலில் அவை போகக் கழுவ வேண்டும். ஒரு மணல் எஞ்சினாலும் கையாயினும் மிஷினாயினும் கீறலே மிஞ்சும். டப்பாவில் இருக்கும் கெட்டி மெழுகில் முதன்மையானது கார்னோபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கு வறட்டு நிலத்தில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து அதனைச் சுரண்டி எடுக்கிறார்கள். தன் ஈரம் வெளியே போகாதிருக்கப் பனை பூசிக்கொண்ட மெழுகு, வெளியீரம் உள்ளே போகாதிருக்க நம் ஊர்க் காருக்குப் பூசப்படுகிறது. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியந்தோம். எண்பது பாகை வெப்பத்துக்கு மேலேதான் அது உருகும். ஆதலால் நம் வெயிலைத் தாங்கும். உப்புக் காற்றின் முன் அதுவும் சில வாரங்களே நிற்கும் என்றான் பிள்ளை.

கையால் இடும்போது, பஞ்சில் சிறிது எடுத்து மெல்லத் தடவுகிறான். மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியதாகப் படிய வேண்டும். தடித்துப் பூசினால் மெழுகும் வீண், துடைக்கும் உழைப்பும் வீண். சற்று நேரத்தில் வெண்மூட்டம் போல் படர்கிறது. பின்னர் மெல்லிய துணியால் துடைத்தெடுக்க மினுக்கம் வெளிப்படுகிறது. எங்கேனும் துகள் எஞ்சியிருந்தால் விரல் உடனே உணர்ந்து நிற்கிறது. மிஷினின் தட்டோ, சுழன்றுகொண்டே அசைந்தும் ஆடுகிறது. மெழுகைக் கையினும் சீராகப் பரப்புகிறது. கைக்கு ஆகும் நேரத்தில் பாதியும் அதற்கு ஆகவில்லை. முன்னாளில் வெறுமனே சுழலும் மிஷினே இருந்தது. அது ஓரிடத்தில் நின்றால் சூடேறி, விளிம்புகளில் பெயிண்டைத் தின்றுவிடும். கையால்தான் வேண்டும் என்று கேட்போரின் அச்சம் அந்நாளில் பிறந்தது. இன்றைய கார்களில் நிறத்தின் மேல் நிறமற்ற பூச்சு ஒன்றும் இருக்கிறது. பழைய அம்பாசிடர்களில் அது இல்லை. பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறமே ஏறிவிடும்.

ஆகவே, கைப்பணி தன்னளவில் உயர்ந்தது, பொறிப்பணி தன்னளவில் தாழ்ந்தது என்று நாம் சொல்லத் துணியோம். பொறிகளைப் பெரிதும் ஐயுற்ற காந்தியடிகளே, 1924ஆம் ஆண்டு நிகழ்ந்த உரையாடலொன்றில், சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். அலுப்பூட்டும் கைத்தையலிலிருந்து தன் மனைவியை விடுவிக்க ஒருவன் கொண்ட அன்பில் பிறந்தது அது என்பது அவர் கண்ட நியாயம். மூன்று கார்களுக்குக் கையால் மெழுகிட்ட பின்னர் நம் பிள்ளைக்குத் தோளை உயர்த்த இயலவில்லை. கைப்பணிக்குக் கூடுதல் விலை தருவோரில் சிலர், மினுக்கத்துக்காக அன்றிப் பிறனொருவன் தனக்காகக் குனிந்து தேய்த்தான் என்னும் பெருமிதத்துக்காகவே தருகிறார்களோ என்றுகூட ஐயம் எழுந்தது. தமிழில் மெழுகுதல் என்ற சொல்லே கையோடு ஒட்டியது. தரையை மெழுகிய நம் தாய்மாரின் முதுகை அது நினைவூட்டும். அம்முதுகு வலியை அறம் என்று போற்றிக்கொண்டு நாம் வாளாவிருக்கக் கூடாது.

இவ்வளவையும் அவனிடம் ஒப்புக்கொண்டு, “எனினும் நேற்றுச் சொன்ன விடையில் நமக்கு நிறைவில்லை” என்றோம். பிள்ளை சளைக்கவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கை நுழைத்து, அடியில் ஈரத்தைக் கண்டு வணிகனைக் கண்டித்த நிகழ்ச்சியை அவனே எடுத்துரைத்தான். “அங்கே மேலே நல்லது, கீழே கெட்டது. இங்கே கெட்டது எதுவுமே இல்லையே, ஹஜ்ரத்? எதை மறைத்தேன்?” என்றான். அத்தோடும் நிற்கவில்லை. “பயனற்ற நிபந்தனையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று மின்ஹாஜில் நீங்கள்தான் ஓதிக் கொடுத்தீர்கள். கையால் போடு என்பதில் என்ன பயன் இருக்கிறது?” என்று மடக்கினான். ஓதலை நிறுத்திய பிள்ளை இவ்வளவு நினைவில் வைத்திருந்தது நமக்குப் பெருமையாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 1277இல் மறைந்தவர்கள். அவர்களுடைய மின்ஹாஜில் வாடகை, கூலி பற்றிய பாடத்தில் ஒரு பிரிவினை வருகிறது. குறிப்பிட்ட ஆளையோ பொருளையோ அமர்த்துவது ஒன்று. ஒரு வேலையைப் பொறுப்பாக ஒருவர் தலையில் ஏற்றுவது மற்றொன்று. தையலும் கட்டடமும் பின்னதற்கு அங்கே காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். காருக்கு மெழுகிட்டுத் தா என்று மட்டும் ஒருவர் சொன்னால் அது இரண்டாம் வகை. எவ்வாறு செய்தாலும் கேட்ட தரத்தில் வேலை முடிந்தால் சரி. ஒரு குற்றமும் இல்லை. கையால் என்று சொல்லிவிட்ட பின்னரோ செயல்முறையே பேரத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த நிபந்தனை பயனற்றது என்று வாதிட யாருக்கு உரிமை இருந்தாலும் கடை முதலாளிக்கு இல்லை. பலகையில் இரண்டு விலை எழுதித் தொங்கவிட்டவர் அவரன்றோ! பயனில்லாத ஒன்றுக்கு எதற்காகக் கூடுதல் பணம் வாங்கினார்?

கெட்டதை மறைத்தால்தான் வஞ்சனை என்ற வாதத்துக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. இக்கரைக்குப் பெயரே முத்துக்குளித்துறை. அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்திய காலத்தில், சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விட்டனர். உள்ளே முத்து உண்டா இல்லையா என்று வாங்கியவனும் அறியான், விற்றவனும் அறியான். இத்தகைய அறியாமை கலந்த பேரத்தைக் கண்டு ஃபிக்ஹு நூலோர் முகம் சுளிப்பர் என்பது வேறு. இங்கே கருதத்தக்கது, ஒருவன் அறிந்ததை மற்றவனிடமிருந்து ஒளிக்கவில்லை என்பதே. 1961ஆம் ஆண்டோடு அக்குளிப்பு நின்றது. பின்னர் 1973இல், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தார், சிப்பிக்குள் கருமணியை வைத்து முத்தை வளர்ப்பதில் வெற்றி கண்டனர். ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த சிறு மணியொன்றையும், வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் உள்ளே வைத்தால், சிப்பி அதன்மேல் தன் முத்துப்பூச்சைப் படலம் படலமாகப் பூசுகிறது. அந்தப் பூச்சு பொய்யன்று. குளித்தெடுத்த முத்தின்மேல் இருப்பதும் அதே சிப்பியின் அதே பூச்சுதான். மேனியை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது தேர்ந்த வணிகருக்கும் அரிது. துளைக்குள் உற்றுப் பார்த்தோ எக்ஸ்ரே பிடித்தோதான் உள்ளிருக்கும் மணியைக் கண்டுகொள்வர்.

வளர்ப்பு முத்தை வளர்ப்பு முத்து என்று சொல்லி விற்பவன் நேர்மையான வணிகன். அதையே கடலில் குளித்தெடுத்தது என்று விற்பவனை நம் கடற்கரையில் யாரும் நல்லவன் என்று சொல்லமாட்டார். அவன் விற்ற முத்தில் கெட்டது எது? ஒளி குறைவா, உருட்சி குறைவா? ஒன்றுமில்லை, சிலபோது வளர்ப்பு முத்தே அழகாக உருண்டிருக்கும். எனினும் வாங்கியவன் அது வந்த வழிக்கும் சேர்த்தே விலை கொடுத்தான். அந்த வழியைத்தான் அவனுக்குக் கொடுக்கவில்லை. இதைக் கேட்டதும் பிள்ளை பேசாமல் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு கதை சொல்கிறார்கள். ரோம நாட்டாரும் சீனத்தாரும் ஓவியத் திறத்தில் போட்டியிட, அரசன் மண்டபத்தின் நடுவே திரையிட்டு ஆளுக்கொரு பக்கம் கொடுத்தான். ரோமர் அரிய வண்ணங்களால் வரைந்தனர். சீனர் வண்ணமே இல்லாமல் சுவரைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினர். திரை விலகியதும் எதிர்ச்சுவர் ஓவியம் அங்கே இன்னும் ஒளியோடு தெரிந்தது. மௌலானா ரூமி (ரஹ்) அவர்கள் இக்கதையைப் பின்னர் சொன்னபோது, தேய்த்தவர் ரோமர், வரைந்தவர் சீனர் என்று மாற்றிவிட்டார்கள். உள்ளத்தைத் துலக்குவது பற்றிய உவமை இது. நாம் இதனைப் பன்முறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். ஆயினும் இம்முறை வேறொன்று கண்ணில் பட்டது. வண்ணமின்றி எவ்வாறு முடித்தீர்கள் என்று அரசன் கேட்கிறான். திரையை விலக்கிப் பாருங்கள் என்கிறார்கள் அவர்கள். நாங்களும் வரைந்தோம் என்று அவர்கள் தலையசைத்திருந்தால், அவ்வளவு ஒளிர்ந்த சுவரும் ஒரு பொய்யைத் தாங்கி நின்றிருக்கும்.

முடிவில் அவனிடம் நாம் சொன்னது இது. நேற்று நாம் சொன்ன விடையைத் திரும்பப் பெறுகிறோம். நீ தேய்த்த உழைப்புக்கு முதலாளி தரும் கூலி உனக்கு உரியதே, அதில் மாற்றமில்லை. கையால் என்று சொல்லி வாங்கிய கூடுதல் பணம் முதலாளிக்கு ஆகாது; கொடுத்தவரிடம் உண்மையைச் சொல்லி இசைவு பெற வேண்டும், இல்லையேல் திருப்பித் தர வேண்டும். அது அவர் கணக்கு. அந்தத் தலையசைப்பு உன் கணக்கு. அவன் நெடுநேரம் நம்மைப் பார்த்தான். “வேலை போயிடுமே, ஹஜ்ரத்” என்றான் மெதுவாக. இதற்கு மின்ஹாஜில் பாடம் இல்லை. முதலாளியிடம் நாமே பேசுகிறோம் என்றோம், பேசவும் செய்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். பொய் சொல்லி யாரையும் கெடுக்கவில்லையே என்றார். ஆனாலும் பத்து நாள் கழித்துப் பலகையில் ஒரு வரியை அழித்துவிட்டு வேறெழுதியிருந்தார். அகன்ற பரப்பு மிஷின், விளிம்பு கை என்று அதில் இருந்தது. முழுதும் கையால் வேண்டுவோர் உடனிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. விலை மூன்றாகியிருந்தது.

பிள்ளை இப்போதும் அங்கேதான் இருக்கிறான். சென்ற மாதம் பழைய அம்பாசிடர் ஒன்றுக்கு முழுதும் கையால் பாலிஷும் மெழுகும் போட்டதாகவும், உடையவர் நாற்காலி போட்டு அருகிலேயே அமர்ந்திருந்ததாகவும் சொன்னான். முழுக் கைப்பணி கேட்டு வருவோர் இப்போது குறைவு என்றும் சொன்னான். அதனால் அவனுடைய வரும்படி எவ்வளவு குறைந்தது என்று நாம் கேட்கவில்லை. தீர்ப்புச் சொன்ன அன்றே கேட்டிருக்க வேண்டும்.