திருவுளச் சீட்டும் மனச்சாட்சியும்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டியில் இருபது அணிகள் ஒரு பருவத்தில் 380 ஆட்டங்கள் ஆடுகின்றன. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் போகவேண்டும் என்பதை, 2001-ல் இதற்கென்றே ஏற்பட்ட ஓர் அமைப்பு நிர்ணயம் செய்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு இது வெறும் அலுவலகக் காரியமாகவே தோன்றும். ஆனால் தீர்ப்புச் சொல்லத் தக்கவன் யார், விருப்பும் வெறுப்பும் அற்ற உள்ளம் மனிதனுக்குச் சாத்தியமா, சாத்தியம் இல்லையென்றால் நியாயம் எங்கிருந்து பிறக்கும் என்று ஞானிகள் காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்வியே அந்தக் காரியத்தின் அடியில் கிடக்கிறது.

இந்த ஆட்டத்துக்கு 1863-ல் லண்டனில் விதிகள் வகுத்தபோது நடுவர் என்று ஒருவர் இல்லை. கண்ணியமுள்ளவன் வேண்டுமென்று தவறு செய்யமாட்டான் என்ற நம்பிக்கையில், தகராறுகளை அணித் தலைவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். வெற்றியில் ஆசை வளர வளர அந்த நம்பிக்கை தேய்ந்தது. பக்கத்துக்கு ஒருவராக இரண்டு மத்தியஸ்தர்கள் வந்தார்கள். அவர்களும் ஒத்துப்போகாத வேளையில் முறையிடுவதற்கென்று மூன்றாமவர் ஒருவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றார். 1891-ல் அந்த மூன்றாமவரே மைதானத்துக்குள் வந்து அதிகாரம் பெற்றார். பழைய மத்தியஸ்தர்கள் கோட்டு நடுவர்கள் ஆனார்கள். ஆயினும் அந்த மூன்றாமவனும் ஓர் ஊரில் பிறந்தவன்தானே? சிறுவயதில் ஏதோ ஓர் அணிக்காகத் தொண்டை கட்டும்வரை ஆர்ப்பரித்தவன்தானே?

இந்தச் சங்கடத்துக்கு இங்கிலாந்து கண்ட வழி, அபிமானமே இல்லாதவனைத் தேடுவது அன்று. இருக்கிற அபிமானத்தை ஒளிக்காமல் சொல்லச் செய்வது. ஒவ்வொரு நடுவரும் தாம் நேசிக்கும் அணி எது என்று முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். அந்த அணியின் ஆட்டத்துக்கு அவரை அனுப்பமாட்டார்கள். பெயர்பெற்ற நடுவரான மைக்கேல் ஆலிவர் நியூகாசில் அணியின் அபிமானி. அதனால் அவர் நியூகாசில் ஆட்டத்துக்கு நிற்பதில்லை. அதன் பரம வைரியான சண்டர்லாந்தின் ஆட்டத்துக்கும் நிற்பதில்லை. இந்த இரண்டாவது விலக்கில் ஆழ்ந்த மனோதத்துவம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பற்று தனியே வருவதில்லை; தன் நிழலாகத் துவேஷத்தையும் அழைத்துக்கொண்டே வருகிறது. ஒன்றை நேசிக்கும் நெஞ்சு, அதற்கு எதிரானதை அளக்கும்போது தன் தராசை நம்பக் கூடாது.

உத்தமனுக்கு இந்தக் கட்டுப்பாடு எதற்கு, ஸ்திதப்பிரக்ஞன் தன் தாய்க்கும் பகைவனுக்கும் ஒரே நீதி வழங்கமாட்டானா என்று கேட்கலாம். வழங்குவான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பட்சபாதம் செய்துவிடுவோமோ என்று அஞ்சுகிற நேர்மையாளன், அந்த அச்சத்தினாலேயே தன்னுடைய அணியை அளவுக்கு மீறித் தண்டித்துவிடுவதும் உண்டு, அதுவும் அநீதியே. மேலும், அவனுடைய உள்ளத்தூய்மை அவனுக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிந்தது. தோற்று வீடு திரும்புகிறவன், தான் தோற்றது நியாயமாகத்தான் என்று நம்பினால் அல்லவா நீதி நிறைவு பெறுகிறது?

மனிதனை நம்பாமல் விதியிடமே ஒப்படைத்துவிட்டால் என்ன என்று இத்தாலி ஒரு முறை எண்ணியது. 1984-85 பருவத்தில் அந்நாட்டின் முதல் பிரிவு ஆட்டங்களுக்கு நடுவர்களைச் சீட்டுக் குலுக்கியே நியமித்தார்கள். அந்த ஆண்டில், அதற்கு முன்னும் பின்னும் பட்டம் பெற்றிராத ஹெல்லாஸ் வெரோனா சாம்பியன் ஆயிற்று. சீட்டின் புண்ணியத்தால்தான் பெரிய சங்கங்களின் செல்வாக்கு அடங்கியது என்று சொல்வோர் இன்றும் உண்டு. அதை நிரூபிக்க வழியில்லை. அடுத்த ஆண்டே அந்த முறை கைவிடப்பட்டது. இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு, 2006-ல், புகழ்பெற்ற ஜுவென்டஸ் சங்கத்தின் நிர்வாகி நடுவர்களை நியமிப்பவர்களோடு தொலைபேசியில் கொண்டிருந்த நெருக்கம் அம்பலமாகி, அந்த அணி தன் சரித்திரத்தில் முதன்முறையாக இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. விசில் ஊதுபவனைவிட, அவனை அனுப்புகிற கை எவ்வளவு வலியது என்பதை உலகம் அன்று கண்டது.

நம் பாட்டிமார்களும் மனம் இரண்டுபட்ட வேளைகளில் சுவாமி சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தார்கள். திருவுளச் சீட்டுப் போட்டார்கள். அதில் நான் வணங்கும் பணிவு ஒன்று இருக்கிறது: என் ஆசை என் கண்ணை மறைக்கிறது, ஆகையால் நீ சொல் என்ற பணிவு. ஆனால் சீட்டு ஆசையை மட்டுமா விலக்குகிறது? விவேகத்தையும் சேர்த்தே விலக்கிவிடுகிறது. கொந்தளிக்கும் ஆட்டத்துக்கு அநுபவசாலி வேண்டும் என்பதும், சென்ற வாரம் தவறு செய்து மனம் தளர்ந்தவனுக்குச் சற்று ஓய்வு வேண்டும் என்பதும் சீட்டுக்குத் தெரியாது. தகுதியில் சமமானவர்களுக்கு இடையே சீட்டுப் போடுவது பக்தி. தகுதியை ஆராயும் உழைப்புக்கு அஞ்சிச் சீட்டுப் போடுவது, ஆண்டவன் கொடுத்த புத்தியை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடும் சோம்பல்.

தீர்ப்பவனை நியமிப்பவன் ஒருவன், அவனைக் கண்காணிப்பவன் ஒருவன் என்று மேலே மேலே அடுக்கிக்கொண்டு போனாலும் எங்கோ ஓரிடத்தில் ஒரு மனிதனை நம்பித்தான் ஆகவேண்டும். 2019 முதல் பிரீமியர் லீகில் திரையைப் பார்த்துத் திருத்தம் சொல்பவர் வந்திருக்கிறார். அவரையும் யாரோ ஒருவர்தான் நியமிக்கிறார். ஆகவே, நடுவுநிலை என்பது பற்றற்ற சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் அன்று என்றும், பற்றுள்ள நாமெல்லோரும் பழகவேண்டிய ஒழுக்கம் என்றும் நான் நம்புகிறேன். ஆட்டத்தில் நிகழ்ந்தவற்றைப் பற்றி நடுவர் கூறுவதே முடிவு என்று ஐந்தாம் விதி சொல்கிறது. அத்தனை பெரிய அதிகாரத்தை ஏற்கப்போகிறவன், முதலில் ஒரு தாளை எடுத்து, பிள்ளைப் பருவத்திலிருந்து தான் நேசித்த அணியின் பெயரை உண்மையாக எழுதிக் கொடுக்கிறான். அவன் அளிக்கும் முதல் தீர்ப்பு அதுதான்; அதைத் தனக்கு எதிராகவே அளித்துக்கொள்கிறான்.