ஏழைகளின் வீட்டில் ஒரு தாய்



பிள்ளையின் ஞானஸ்நானம் நமக்குக் கொண்டாட்டம். அமெரிக்காவின் டொரத்தி டே என்னும் தாயிடமோ அது பெரும் விலை கேட்டது. 1926இல் மகள் தமார் பிறந்த மகிழ்ச்சியே அவரை இறைவன்பால் இழுத்தது. குழந்தையின் தகப்பனோ கடவுளை ஏற்காதவர். 1927இல் மகளும், பின்னர் தாயும் ஞானஸ்நானம் பெற்றனர். அம்மனிதரைப் பிரிய நேர்ந்தது.

1933இல் பீற்றர் மொறினுடன் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். நியூயோர்க்கில் வேலையற்றோருக்கு உணவும் படுக்கையும் கிடைத்தன. தமாரோ தாயைப் பலரோடு பங்கிட்டே வளர்ந்தாள். வின்சன்ற் டி போல் சபைக்காக வீடுவீடாய் நடக்கும் நம் தாய்மாருக்கும் இவ்வேதனை புதிதல்ல.

ஆயினும் நான் அடிக்கடி நினைப்பது வேறொன்றை. முப்பதாண்டுகளின் பின், தமாரின் தகப்பனோடு வாழ்ந்த பெண் புற்றுநோயால் படுக்கையில் விழுந்தார். உதவி கேட்கப்பட்டது டொரத்தியிடம்! டொரத்தி போனார், அருகிருந்து பணிவிடை செய்தார். 1960இல் அப்பெண் ஞானஸ்நானம் பெற்றே மரித்தார்.

டொரத்தி 1980 நவம்பர் 29ஆந் திகதி, தமது 83ஆவது வயதில், வீடற்ற பெண்களுக்கான இல்லத்திலேயே கண்மூடினார். மகள் தமார் அருகில் இருந்தார்.